எங்கே போகிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் தெருவில் எதிர்ப்படுகிறவரைப் பார்த்து, "எங்கே கிளம்பிட்டீக?" என்று கேட்பது மரியாதை. கேட்காமல் போனால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். கேட்கிறவர் விவரமான பதிலை எதிர்பார்ப்பதும் இல்லை. "இங்கேதான்" என்றோ, "கடைவீதி வரைக்கும்" என்றோ சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதைக் கடந்து, டாக்டரின் சொற்படி தினமும் காலையில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சாதாரணக் கேள்வி எவ்வளவு கஷ்டமான கேள்வி என்பது எனக்குப் புரிந்தது.

தளவாய்புரத்திலிருந்து முகவூர்ப் பக்கம் போகும் வழியில் ஒரு நாள் விடிந்தும் விடியாத வேளையில் நடந்துகொண்டிருந்தேன். மேற்கே மலை இன்னும் கறுப்பாகவே நின்றது. தளவாய் என்றால் படைத்தலைவன். படைத்தலைவனின் பெயர் கொண்ட ஊரில் நானும் கையை வீசி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனி ஒருவனாக அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுத் திண்ணையில் போர்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் என்னைக் கைதட்டி அழைத்தார். வாலிபத்தில் தறி நெய்தவர். இப்போது முழங்கால் வலி அவரைத் திண்ணையோடு கட்டிப் போட்டிருக்கிறது.

"எங்கே தம்பி, வெள்ளனவே?"

"சும்மாதான் அண்ணாச்சி. நடந்துட்டு வாரேன்."

"நடந்துட்டுன்னா? எந்த ஊருக்கு?"

"ஊருக்கெல்லாம் இல்லை. அந்த வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பிடுவேன்."

"வேப்பமரத்துல என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்லை, அண்ணாச்சி. உடம்புக்காக நடக்கிறேன். சர்க்கரை இருக்குன்னு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

முதியவர் சற்று நேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிகாசம் இல்லை, உண்மையாகவே யோசித்தார். பிறகு, "அப்போ போற காலு வெறுங்காலாத்தானே போகுது? எனக்கு ஒரு உபகாரம் செய்யணுமே" என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவரச் செய்தார். முகவூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவருடைய மகளுக்கு ராஜபாளையத்தில் வாங்கிவந்த மாத்திரைகள். அவளுக்கும் சர்க்கரைதானாம். அவரால் நடந்துபோய்க் கொடுக்க முடியவில்லை. அவளாலோ தையல் மிஷினை விட்டு எழுந்துவர முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறிது கோபம் வந்தது. நான் நடப்பது ஒரு வைத்தியம். வைத்தியத்தின் நடுவில் ஏவல் செய்யச் சொன்னால் எப்படி? கதை எழுதுகிறவனைப் பிடித்துத் தபால்காரனாக்கிவிட்டாரே என்ற அற்ப அகங்காரமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் முதியவரிடம் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். அன்று முதல் அவருடைய கேள்வி என் கூடவே நடக்கிறது. போகும் இடம் என்று ஒன்று இல்லாமல், தன் உடம்புக்காக மட்டும் ஒரு மனிதன் நடப்பது என்ன செயல்? தன்னலமா, கடமையா? ஆராய்ந்து பார்க்க வேண்டிய விஷயம் என்றே தோன்றுகிறது.

முதலில் டாக்டர்களின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது மிகவும் வலுவான நியாயம்.

லண்டன் மாநகரத்தில் இரண்டு அடுக்குப் பஸ்கள் ஓடுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்தப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். அந்தக் காலத்துக் கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே புகை. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் இந்த இரு சாராரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டுநர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது; வந்தபோதும் அவ்வளவு கடுமையாக வரவில்லை. மாரிஸ் அத்தோடு நின்றுவிடவில்லை. இந்த வித்தியாசம் வேலையால் வந்ததா, அல்லது பருத்த உடம்புக்காரர்கள்தாம் ஆரம்பத்திலேயே ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா என்று தம்மையே சந்தேகித்தார். கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது! அதையும் 1956-ல் மறைக்காமல் வெளியிட்டார். அதன் பின் பல தேசங்களில், பல தொழில்களில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். உடம்பை அசைத்துக்கொண்டிருப்பவனுக்கு இதயம் நெடுநாள் ஒத்துழைக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

சர்க்கரை நோய்க்கு நடை எப்படி மருந்தாகிறது என்பதையும் என் டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். நாம் உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் ஓடுகிறது. அதைத் தசைகளுக்குள் புகவிடக் கதவைத் திறப்பது இன்சுலின் என்னும் சுரப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் நடக்கும்போது வேலை செய்கிற தசை, இன்சுலினின் வரவுக்காகக் காத்திராமல் தானாகவே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. மனித உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் காலிலும் அல்லவா இருக்கின்றன? ஆகவே சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் காலாற நடந்தால்கூடப் பலன் உண்டு. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதால் அதை இரண்டாவது இதயம் என்றுகூடச் சொல்கிறார்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்? நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்று பலர் வேத வாக்குப் போலச் சொல்கிறார்கள். அது வேதத்திலிருந்து வரவில்லை, வியாபாரத்திலிருந்து வந்தது. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த மறு வருஷம், ஜப்பானில் அடிகளை எண்ணும் சிறு கருவி ஒன்றைச் செய்து விற்றார்கள். அதற்குப் ‘பதினாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பெயர் கேட்க நன்றாக இருந்தது, உலகம் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் சராசரி எழுபத்திரண்டு வயதான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவு நமக்கு ஆறுதல் தருகிறது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அதிகமாக நடந்து அதிகமாகப் பெற்றதாகத் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியதும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பதுதான். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி வேகமாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

அரைமணி! கேட்க எவ்வளவு சிறியதாக இருக்கிறது! இந்த அரைமணியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதியவருக்கு என் நடை விசித்திரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர் காலத்தில் யாரும் நடப்பதற்காக நடக்கவில்லை. தறி ஊர்களில் பிறந்தவர்களுக்குப் பாவடி என்றால் தெரிந்திருக்கும். கோழி கூவும் வேளையில் தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, பெரிய தூரிகையால் நூலை வாரிக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஏறிவிட்டால் நூல் சீக்கிரம் காய்ந்து அறும். அது என்ன நடை? இன்று நகரத்துப் பூங்காக்களில் கனவான்கள் நடக்கிறார்களே, அதே நேரம், அதே தூரம். ஆனால் அதற்குப் பெயர் தேகாப்பியாசம் அல்ல, பிழைப்பு.

பிறகு கால்களின் வேலை படிப்படியாகப் பறிபோன கதையையும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பார்க்கலாம். குழித்தறியில் உட்கார்ந்தவனுக்கு நடை இல்லை. ஆனாலும் குழிக்குள் இரு கால்களும் மாறி மாறி மிதிக்க வேண்டும். ஊர் போய்ச் சேராத நடை அது. பின்னால் தையல் மிஷின் வந்தது. அதிலும் கால் மிதித்தால்தான் சக்கரம் சுழலும். இன்று தளவாய்புரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பெண்கள் அணியும் நைட்டி தைப்பதற்குப் பெயர் பெற்றுவிட்டன. இங்கே தைத்த உடுப்புகள் எங்கெங்கோ போகின்றன. ஆனால் அவற்றைத் தைக்கும் மிஷினில் மோட்டார் இருக்கிறது. கால் அதன் மேல் சற்றே அழுந்தி நின்றால் போதும். பாவடியில் நடந்த கால், குழியில் மிதித்த கால், இப்போது வெறுமனே அமர்ந்திருக்கிறது. கால் இழந்த வேலையை உடம்பு மறக்கவில்லை. சர்க்கரையாகவும் இரத்தக் கொதிப்பாகவும் கணக்குக் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும், இன்னும் பதின்மூன்றரைக் கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது.

பழைய நாட்களெல்லாம் பொன்னான நாட்கள் என்று நான் சொல்லவில்லை. பாவடியில் நடந்த முதியவரின் முழங்கால் இன்று இருக்கிற நிலையைக் கண்ணால் பார்த்தவன் நான். பசியோடு நடந்த நடையைத் தேகப்பயிற்சி என்று புகழ்வது பாவம். நான் சொல்ல வருவது வேறு. முன்பு நடை என்பது வாழ்க்கையோடு கலந்திருந்தது. அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. இன்று மருந்தைப் போல அதைத் தனியே அளந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது. தனியே எடுத்து வைத்தவுடன்தான், ‘இது யாருக்காக?’ என்ற கேள்வி பிறக்கிறது.

தமிழ் மொழியும் இந்தக் கேள்விக்கு உடந்தை. காலால் செல்வதும் நடை. எழுத்தாளன் எழுதும் பாணியும் நடை. கோயில் வாசலைத் திறப்பதும் நடை திறப்பதுதான். ஒருவனுடைய ஒழுக்கத்தை நடத்தை என்கிறோம். எப்படி நடக்கிறான் என்று கேட்டால், கால் நொண்டுகிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அவன் பிறரிடம் எப்படி இருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். நடையையும் நடத்தையையும் இப்படி ஒரே வேரில் முளைக்க விட்ட மொழியைப் பேசுகிறவன், என் நடை என் உடம்போடு முடிந்துவிட்டது என்று சொல்லித் தப்ப முடியுமா?

நம் நாட்டில் பெயர் பெற்ற நடைகளை எண்ணிப் பாருங்கள். 1930 மார்ச் 12-ந் தேதி, அறுபது வயதான காந்தியடிகள் எழுபத்தெட்டுத் தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 5-ந் தேதி தண்டிக் கடற்கரையை அடைந்தார். அடுத்த வாரமே, ஏப்ரல் 13-ந் தேதி, ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடக்கத் தொடங்கினார். ஏறக்குறைய 150 மைல். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். 1951-ல் போச்சம்பள்ளியில் பூமிதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா, ஊர் ஊராக நடந்து, 1956-லும் 1957-லும் நம் தமிழ்நாட்டு மண்ணிலும் நடந்தார். ஆடி மாதத்தில் எங்கள் ஜில்லாவில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு சாரி சாரியாக நடப்பவர்களை யாரும் பார்க்கலாம். இவர்களில் எவரும் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்க நடக்கவில்லை. எல்லோருக்கும் போகும் இடம் இருந்தது. எல்லோருக்கும் வழியில் யாரோ சோறு வைத்திருந்தார்கள்; தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள்.

இந்த நடைகளோடு ஒப்பிட்டால் வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்புகிற என் நடை அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. உடம்பைப் பேணுவதைத் திருமூலர் ஓர் அறமாகவே வைத்தார். உடம்பு என்னுடைய சொந்தச் சொத்து, கெட்டால் எனக்குத்தானே நஷ்டம் என்று பேசுவது வீண் ஜம்பம். ஒருவன் பக்கவாதத்தில் விழுந்தால் அவன் மட்டுமா விழுகிறான்? அவனைத் தூக்கி உட்கார வைக்க மனைவி வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அலைய மகன் வேண்டும். அதற்காக மகளின் படிப்பு நிற்கக்கூடும். நான் நடக்காமல் சோம்பியிருந்தால் அந்தக் கடனைப் பின்னால் இன்னொருவர் தலையில் ஏற்றுகிறேன் என்று அர்த்தம். ஆகவே தனக்காக நடப்பதும் பிறருக்காக நடப்பதே. இப்படி ஒரு முடிவுக்கு வந்து, நான் மிகவும் திருப்தியாக இருந்தேன். முதியவருக்குச் சொல்லத் தக்க பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தத் திருப்தியைக் கெடுத்தவள் அவருடைய மகள்தான்.

மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அந்த ஒரு நாளோடு நிற்கவில்லை. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ போனபோது அவளுடைய காலைக் கவனித்தேன். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. வாசலில் ஏதோ குத்தியிருக்கிறது; வலிக்கவே இல்லையாம், இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிப்போகும். அதனால்தான் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, இரவில் படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் பெரிய மனுஷத் தோரணையில், "உடனே டாக்டரிடம் காட்டு, தாயி. புண் ஆறின பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் அரைமணி நடக்க வேண்டும். என்னைப் பார்" என்று உபதேசம் செய்தேன்.

அவள் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "நடக்கலாம் அண்ணாச்சி. எப்போ நடக்க? காலையில சோறாக்கிப் பிள்ளைகளை அனுப்பணும். அப்புறம் மிஷினு. உருப்படிக்கு இவ்வளவுன்னுதானே கூலி, எந்திரிச்சா யார் தருவா? ராத்திரி நடக்கலாம்னா வெளிச்சம் இல்லை, நாய் இருக்கு. எல்லாம் போகட்டும், ஒரு பொம்பளை சும்மா ரோட்டுல போயிட்டு வந்தா, எங்கே போறேன்னு கேப்பாகளே, நான் என்னன்னு சொல்லட்டும்?"

அதே கேள்வி! என்னிடம் கேட்டபோது அது மரியாதை. அவளிடம் கேட்டால் அது விசாரணை. ‘சும்மாதான்’ என்ற என் பதிலை அவள் சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளாது. சும்மா நடப்பதற்கும் ஓர் அதிகாரம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிறவியிலேயே கிடைத்துவிட்டதால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, ஒரு கதையைச் சொல்வது போல என் மனைவியிடம் இதை உருக்கமாகச் சொன்னேன். அவள் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கும் டாக்டர் நடக்கச் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால் கணக்கைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று அந்த டாக்டருக்கு எதிரில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? இருவரையும் பார்த்துத்தான் அவர் சொன்னார். நான் எனக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். மறுநாளே செருப்புக் கடைக்குப் போய் நடைக்கென்று காலணி வாங்கினேன், ஒரு ஜோடி. நான் விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு போகிற அந்த அரைமணியில் இங்கே அடுப்பு எரிந்தது, வாசல் தெளித்தாயிற்று, பால் காய்ந்தது, திரும்பி வருகிறவனுக்கு வெந்நீர் தயாராயிற்று. அந்த அரைமணி எனக்கு ஆகாயத்திலிருந்து கிடைக்கவில்லை. இன்னொருவருடைய அரைமணியை எடுத்துத்தான் நான் நடந்துகொண்டிருந்தேன்.

ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் தினமும் தவறாத நேரத்தில் உலாவப் போவார் என்பதும், அவரைப் பார்த்து அண்டை அயலார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பதும் பலர் கேள்விப்பட்ட கதை. இளமையிலிருந்தே பலவீனமான உடம்போடு, ஒழுங்கான பழக்கங்களால் ஏறக்குறைய எண்பது வயது வரை வாழ்ந்தவர். அந்தக் கதையை எழுதிய கவிஞர் ஹைனே இன்னொரு மனிதரையும் காட்டுகிறார். மேகம் மூட்டமாக இருக்கும் நாட்களில் வயோதிக வேலைக்காரர் லாம்பே குடையை இடுக்கிக்கொண்டு எஜமானின் பின்னால் கவலையோடு நடந்து வருவார். அந்த அடிகளும் அதே அடிகள்தாம்; அதே தெருதான். ஆனால் கான்ட்டின் நடை என்று உலகம் பேசுகிறது. லாம்பேயின் நடை என்று யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மனிதனையும் அவனுக்காகவே மதிக்க வேண்டும், வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அதே கான்ட். அவருடைய குடையை யார் சுமந்தார்கள் என்று கேட்பது அவரைக் குறை கூறுவதற்காக அல்ல. என் குடையை யார் சுமக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்வதற்காக.

ஆகவே என் பழைய முடிவைத் திருத்திக்கொள்கிறேன். உடம்பைப் பேண நடப்பது கடமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அரைமணி யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தால்தான் என் நடை நல்ல நடத்தையாகும். இல்லாவிட்டால் அது வெறும் ஆரோக்கியமான தன்னலம்.

அரசாங்கமும் தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதியவரின் மகளும் அதில் பெயரைப் பதிந்துகொண்டாள். என் தபால் உத்தியோகமும் முடிந்தது. 2023 நவம்பர் 4-ந் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்து வைத்தார்கள். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் மாத்திரை வீடு தேடி வரும். நடை வீடு தேடி வராது. நாம்தான் படியிறங்கிப் போக வேண்டும். படியிறங்கிப் போக ஒரு பெண்ணுக்கு நேரத்தையும், வெளிச்சமுள்ள வழியையும், ‘சும்மாதான்’ என்று சொல்லும் உரிமையையும் எந்தத் திட்டமும் தனியாகக் கொடுத்துவிட முடியாது. வீட்டில் உள்ளவர்களும் தெருவில் உள்ளவர்களும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும்.

பழந்தமிழ்ப் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது போலும். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள். வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்புகிற பாணனோ பொருநனோ, எதிரே வறுமையோடு வருகிற இன்னொருவனை நிறுத்தி, நீயும் இந்த வழியாகப் போ என்று சொல்வதுதான் அந்தப் பாட்டுகளின் அமைப்பு. தான் நடந்து பெற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், நடக்க வேண்டிய இன்னொருவனுக்கு வழி சொல்வதற்கே ஓர் இலக்கிய வகையை உண்டாக்கிய பரம்பரை நம்முடையது.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் காலையில் அடுப்பு என் பொறுப்பு. காபி சுமாராகத்தான் வருகிறது. அந்த நாட்களில் என் மனைவி நடக்கப் போகிறாள். முதியவரின் மகளுக்கு விரல் புண் ஆறிவிட்டது. அவளுடைய புருஷன் அந்த மூன்று நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிடச் சம்மதித்திருக்கிறான். மூன்றில் இரண்டு நாளாவது அவளும் வந்து சேர்ந்துகொள்கிறாள். மற்ற நாட்களில் உருப்படிகளின் கெடு அவளை விடுவதில்லை. இதனால் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. கதைகளில் நான் அப்படி முடித்ததுண்டு. வாழ்க்கை அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருவரும் நடக்கப் புறப்படும்போது கையில் ஆளுக்கொரு மஞ்சள் பை எடுத்துக்கொள்கிறார்கள். பை காலியாகத்தான் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன்.

"யாராவது எங்கேன்னு கேட்டா, கடைக்குன்னு சொல்லலாமே" என்றாள் என் மனைவி.

நான் கையை வீசிக்கொண்டு நடந்த அதே வழிதான். முதியவர் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் தம் மகளைப் பார்த்து, எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் நிறுத்தும் நாள் வந்தால், அந்தப் பைகளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைக்கலாம் என்று நானும் காத்திருக்கிறேன்.